இரண்டு மணி நேரத்துக்குள் வராத வியாதி

என் தம்பி வெர்லினுக்கு மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் கவுன்டியில் அவன் வீட்டு நாய் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது இந்த மாதிரி விஷயங்களைத் தெரிந்து சொல்வதற்கென்றே கட்டப்பட்ட இடம். க்ரட்ச்லோ நினைவு உணவு ஒவ்வாமை மையம் என்று பெயர். வாசலில் க்ரட்ச்லோ பெரியவருக்கு வெண்கலச் சிலை, கையில் ஒரு கன்றுக்குட்டியின் கயிறு. அந்தக் குடும்பத்துக்குத் தொழில் இறைச்சி ஆலை. இதைச் சொல்வதில் எனக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. சிலை அங்கே நிற்கிறது, சொன்னேன்.

என் பெயர் ஒலீட்டா. மிசௌரியில் ஓசார்க் மலைப்பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூட பஸ் கொட்டகையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பது என் வேலையாக இருந்தது. வெர்லின் என்னைவிட நாலு வயது இளையவன். பதினாலாம் எண் வண்டியை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினான். தினமும் நாற்பத்தொரு பிள்ளைகள். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

போன ஆகஸ்டில், தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டும் விருந்தில் மத்தியானம் இரண்டு பர்கர் சாப்பிட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு உடம்பெல்லாம் தடித்து, புல்வெட்டும் வண்டியிலிருந்து சரிந்து விழுந்தான். வெயில் என்று நினைத்தோம். செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் மாட்டுக்கறி சாப்பாடு. அன்றைக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, கொட்டகைக்கு வந்து, வண்டியை நிறுத்தி, இறங்கினான். இறங்கியவன் என் ஜன்னலுக்கு எதிரே மண்ணில் விழுந்தான். பத்து நிமிஷம் முன்னால் அதே ஆள் பிள்ளைகளோடு ஒற்றை வழிப் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அவனே கல்வி மாவட்ட அதிகாரி டீகிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

டீக் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருப்பதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே.

"வெர்லின், எனக்குப் பேப்பர் வேணும்" என்றார். "அலர்ஜி இருக்குன்னு பேப்பர் குடு, எதைத் தொடக் கூடாதுன்னு ஃபைல்ல போட்டுட்டு வண்டியக் குடுக்கறேன். இல்லைன்னு பேப்பர் குடு, அப்பவும் குடுக்கறேன். ரெண்டும் இல்லாம 'இருக்கும் போல சார்'னு வந்து நின்னா அதை நான் எந்த ஃபைல்ல போடறது?"

மாட்டுத் தீவனக் கடையில் இதற்குள் தீர்ப்பே வழங்கிவிட்டார்கள். உண்ணி கடித்தால் சிலருக்கு மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவும் ஆகாமல் போகும், சாப்பிட்டு நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் காட்டும் என்று மாடு நக்குவதற்கு உப்புக்கட்டி வாங்க வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். அவர்களில் மூன்று பேருக்கு வீட்டிலேயே அப்படி ஒரு ஆள் இருந்தார். "இந்தக் கவுன்டியில மாட்டுக்கறி சாப்பிடாத ஆளா? வைக்கோல் தரட்டுமாடா வெர்லின்?" என்று கிண்டலும் செய்தார்கள். கிண்டல் செய்தாலும் விஷயத்தைச் சரியாகச் சொன்னார்கள். அவர்களிடம் முத்திரை இல்லை, அதுதான் குறை.

முத்திரை ஆறு கவுன்டிக்கும் சேர்த்து க்ரட்ச்லோ மையத்தில் மட்டும்தான் இருந்தது. நோயாளி 'பொறுப்பான துணை' ஒருவரோடு வர வேண்டும் என்பது அவர்கள் விதி. வெர்லினுக்கு மனைவி இல்லை. நான் போனேன்.

முதல் நாள் முப்பத்தொரு பக்கப் படிவம். நூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி: 'பூச்சி ஏதேனும் கடித்தது உண்டா?' வெர்லின் யோசித்து, 'உண்ணி, சுமார் ஆயிரம்' என்று எழுதினான். பொய் இல்லை. எங்கள் பக்கம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வேலி பார்க்கப் போய்விட்டு வந்தால் சாக்ஸைக் கழற்றி உண்ணி பொறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம்.

வரவேற்பு மேசைப் பெண் அதைப் படித்துவிட்டு ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"ஏம்மா அடிக்கறே?" என்றேன்.

"உண்ணிக்கு எட்டுக் கால் மேடம். பூச்சின்னா ஆறு கால்தான். கேள்வி பூச்சியைப் பத்தி."

"சரி, உண்ணியைப் பத்தின கேள்வி எங்க இருக்கு?"

"அப்படி ஒரு கேள்வி இல்ல மேடம்."

"அப்ப இதை எங்க எழுதறது?"

"கேள்வி இல்லாதப்ப பதில் எதுக்கு மேடம்?" என்று அன்பாகச் சிரித்தாள். மருத்துவ வரலாற்றில் என் தம்பியை எதுவுமே கடித்ததில்லை என்று பதிவாயிற்று.

அடுத்தது தோல் சோதனை. அதற்கு ஏழு நாள் முன்பிருந்தே அரிப்பு மாத்திரை போடக் கூடாது. ஐந்தாம் நாள் தடிப்பு வந்தது, மாத்திரை போட்டான். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். ஆறாம் நாள் வந்தது, மறுபடி ஒன்று. இப்படி ஏழு வாரம் போயிற்று. கடைசியில் வெர்லின் தன் சொந்த மூளையைப் பயன்படுத்தி, நாலு கால் பிராணி எதையும் தொடாமல் கோழியும் மீனுமாகச் சாப்பிட்டான். தடிப்பு அடியோடு நின்றது. பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி மையத்துக்கு ஓடினான்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ஆம்ப்லர் அன்றுதான் எங்களுக்குத் தரிசனம் தந்தார். உயரமானவர், சுத்தமானவர், யாரைப் பார்த்தாலும் ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது போலவே பேசுபவர்.

"இப்ப அறிகுறி எதுவும் இல்லையே மிஸ்டர் ஸ்டக்கி. எதுக்கு வந்திருக்கீங்க?"

"மாட்டுக்கறிய நிறுத்தினேன் டாக்டர், நின்னுடுச்சு."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்க, இந்த நாட்டுல மூணுல ஒரு ஆள் தனக்கு ஏதோ ஒண்ணு ஒத்துக்கலைன்னு நினைச்சுக்கறான். தானாவே நிறுத்திடறான். நிம்மதியாவும் இருக்கான். இது எவ்வளவு ஆபத்து தெரியுமா? எல்லாரும் இப்படித் தானாவே குணமாயிட்டா, நாங்க எதை வச்சு ஆராய்ச்சி பண்றது?"

வெர்லின் மன்னிப்புக் கேட்டான். நிஜமாகவே கேட்டான். அவன் சுபாவம் அது.

முதுகில் ஒன்பது ஊசிக் குத்து. பால், முட்டை, மீன், நண்டு வகை, பாதாம் வகை, வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். மாட்டுக்கறி எங்கே என்று கேட்டேன். பட்டியலில் ஒன்பதுதான், அது சட்டம் ஒப்புக்கொண்ட பட்டியல் என்றார்கள். ஒன்றும் தடிக்கவில்லை. உடனே நர்ஸ் அவனை நடைபாதைக்கு அழைத்துப் போனாள். அங்கே சுவரில் ஒரு பித்தளை மணி. ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தவர்கள் அதை அடிக்க வேண்டும், ஊழியர்கள் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். வெர்லின் தயங்கித் தயங்கி அடித்தான். கைதட்டினார்கள். யாரோ காகிதத் தொப்பி வைத்தார்கள். 'எள்ளை வென்றேன்' என்று அதில் எழுதியிருந்தது. எள்ளோடு அவனுக்கு எந்தக் காலத்திலும் தகராறு இருந்ததில்லை.

"மாட்டுக்கறிக்கு ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்காமே டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"எங்க கேள்விப்பட்டீங்க?"

"தீவனக் கடையில."

அவர் முகத்தில் ஒரு வலி தெரிந்தது. "இருக்கு. ஆனா எங்க முன்னால சாப்பிட்டு, எங்க முன்னால ஒவ்வாமை வந்தவங்களுக்கு மட்டும்தான் அதை எழுத முடியும்."

"ஒவ்வாமை வந்துடுச்சுன்னா அப்புறம் எதுக்குப் பரிசோதனை?"

"உறுதிப்படுத்தத்தான்" என்றார்.

ஆக, மாட்டுக்கறிச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். இந்த மாதிரி ஆட்கள் மூச்சு முட்டினால் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிப் பேனா ஒன்று உண்டு. அலர்ஜி இருக்கிறது என்ற பேப்பர் இருந்தால்தான் எழுதித் தருவார்கள். பேப்பர் வாங்கப் போகிறவனுக்குத் தரமாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தேனீ கொட்டினால் போடுவதற்கென்று பஸ் கொட்டகைப் பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திருட்டுதான். தெரிந்தே செய்தேன்.

சோதனை ஒரு பூஜை மாதிரி நடந்தது. காலை எட்டே முக்காலுக்குக் கண்ணாடித் தட்டில் கடுகளவு கொத்துக்கறி கொண்டுவந்தார்கள். நர்ஸ் அதை எடை போட்டு, நேரம் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் வாயில் வைத்தாள். கால் மணிக்கு ஒரு தரம் அளவு கூடியது. கடைசியில் ஒரு முழுப் பர்கர் கறி. அது முடிந்தபோது மணி ஒன்பதே முக்கால். இனி இரண்டு மணி நேரம் கண்காணிப்பு என்று நர்ஸ் கடிகாரத்தை அமுக்கினாள்.

வெர்லின் கை தூக்கினான். "டாக்டர், எனக்கு எப்பவும் நாலு, அஞ்சு மணி நேரம் கழிச்சுத்தான் வரும்."

"மையத்தோட கண்காணிப்பு ரெண்டு மணி நேரம்."

"அதுதான் சொல்றேன். அதுக்குள்ள வராது."

"அப்ப அது ஒவ்வாமை இல்ல மிஸ்டர் ஸ்டக்கி. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வர்றதுதான் ஒவ்வாமை. அதுக்கப்புறம் மனுஷனுக்கு என்ன வேணும்னாலும் வரும். அதுக்குப் பேரு வாழ்க்கை."

"இன்னும் மூணு மணி நேரம் இங்கயே ஒரு ஓரமா உக்காந்துக்கறோமே?" என்றேன் நான். "உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"மேடம், நாங்க ஏன் ரெண்டு மணி நேரம்னு வச்சிருக்கோம்? அறிவியல்னு நினைக்கறீங்க. இல்ல. ஒரு நாளைக்கு இந்த அறையில நாலு பேரைப் பார்க்கணும். எட்டு மணி நேரத்தை நாலால வகுத்தா என்ன வரும்? நீங்களே சொல்லுங்க." இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். எங்களுக்கு ஒரு ரகசியத்தைத் திறந்து காட்டிய சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஒன்றும் வரவில்லை. மணி அடிக்கச் சொன்னார்கள். அடித்தான். கைதட்டினார்கள். 'மாட்டிறைச்சி ஒவ்வாமை இல்லை' என்று முத்திரையோடு பேப்பர் கொடுத்தார்கள். க்ரட்ச்லோ ஆலையின் அன்பளிப்பாக இரண்டு கிலோ கறி, ஐஸ் பெட்டியில்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. வாகன நிறுத்தத்தில் என் பிக்கப் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். வர வேண்டியது அவர்கள் வாசலிலேயே வரட்டும் என்பது என் திட்டம். கொண்டுபோயிருந்த வான்கோழி சாண்ட்விச்சைச் சாப்பிட்டோம். வெர்லின் அந்தப் பேப்பரை மடித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒருவேளை அவங்க சொல்றது சரியா இருந்துட்டா?" என்றான். "எனக்கு ஒண்ணுமே இல்லைன்னா நல்லாத்தானே இருக்கும்?"

இரண்டு ஐம்பதுக்கு உள்ளங்கை அரிக்கிறது என்றான். மூன்று மணிக்கு உதடு வீங்கியது. பேனாவை அப்போதே குத்தியிருக்க வேண்டும். குத்தாமல் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன், அவர்கள் பார்க்கட்டும் என்று. அந்த ஐந்து நிமிஷத்துக்கு என்னை நானே மன்னிக்கப்போவதில்லை.

வரவேற்பு மேசைப் பெண் அடையாள அட்டை கேட்டாள். கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது.

"மேடம், இந்தப் போட்டோவுல இருக்கறவர் இவர் இல்லையே."

"இவன்தான்டி! காலையில நீதான் உள்ள அனுப்பினே!"

"காலையில வந்தவர் முகம் ஒத்துப்போச்சு மேடம். மிஸ்டர் ஸ்டக்கியோட ஃபைல் வேற மூடியாச்சு. அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு."

என் கத்தலைக் கேட்டு டாக்டர் ஆம்ப்லர் வெளியே வந்தார். கோட்டு மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்தார். வெர்லினை உற்றுப் பார்த்தார். அவன் மூச்சு விசில் அடித்தது.

"சுவாரசியமா இருக்கு" என்றார். "ஆனா இதை நாங்க பார்க்கல."

"பார்த்துக்கிட்டுத்தானேய்யா நிக்கறே!"

"நான் பார்க்கறேன் மேடம். மையம் பார்க்கல. மையம் பதினொண்ணே முக்காலுக்குப் பார்த்து முடிச்சுடுச்சு."

வெர்லின் தரையில் சரிந்தான். நான் பேனாவை எடுத்து ஜீன்ஸோடு சேர்த்து அவன் தொடையில் குத்தினேன். இங்கே மருந்து செலுத்த எனக்கு அனுமதி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. முன்பதிவு இல்லாமல் தரையில் படுப்பது விதிக்குப் புறம்பானது என்பதால் காவலாளி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அந்த விதியால்தான் என் தம்பி இன்றைக்கு உயிரோடு இருக்கிறான்.

எதிர்ச் சாலை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். வெளியே விடும்போது எழுதிக் கொடுத்தார்கள்: 'கடுமையான ஒவ்வாமை. காரணம் தெரியவில்லை. க்ரட்ச்லோ மையத்தை அணுகவும்.' அணுகினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. வாகன நிறுத்தத்தில் நடந்தவை மையத்தின் முடிவுகளைப் பாதிக்காது. மேலும், திரு. ஸ்டக்கி இடையில் வான்கோழி உண்டதாகத் தெரிகிறது. வான்கோழிச் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருப்பு ஐந்து மாதம்.

டீக் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். மேசைமேல் இரண்டு பேப்பரும் இருந்தன. முத்திரை உள்ளதை மேலே வைத்திருந்தார்.

முதலில் என் விஷயம். ஒவ்வாமை இல்லை என்று சான்று பெற்ற ஒரு நபர்மீது பள்ளி மருந்தைப் பயன்படுத்தியது முறைகேடு. ரேடியோ இனி எனக்கு இல்லை. நான் எதிர்பார்த்ததுதான். பிறகு வெர்லின் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வண்டிய எடு. நீ நல்லா இருக்கேன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

"சார், நான் கீழ விழுந்தேன்."

"மாட்டுக்கறிய விட்டுட்டு ஓட்டேன்ப்பா. யாரு உன்னைச் சாப்பிடச் சொன்னா?"

வெர்லின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினான். வாழ்நாளில் அவன் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

"விட்டுட்டேன் சார். ஆனா ஜெல்லி மிட்டாய்ல மாட்டெலும்பு இருக்காம். மாத்திரை உறையில இருக்காம். போன வாரம் ஒரு சூப்பு, கோழி சூப்புன்னுதான் டப்பாவுல போட்டிருந்துச்சு, தடிச்சுடுச்சு. பால் ஆகுமா, வெண்ணெய் ஆகுமா? எது வரைக்கும்னு எனக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் அங்க போனேன். தெரியாம நாப்பத்தொரு பிள்ளைங்களப் பின்னாடி உக்கார வச்சுக்க மாட்டேன்."

"தெரியாதுன்னு நீயே சொல்ற" என்றார் டீக். "தெரிஞ்சவங்க இல்லைன்னு சொல்றாங்க. நான் யாரை நம்பறது?"

வெர்லின் சாவியை மேசைமேல் வைத்தான். ராஜினாமாப் படிவத்தில் 'உடல்நலம்' என்ற கட்டத்தில் குறி போடப் போனான். டீக் தடுத்தார். சான்று இருப்பதால் அந்தக் கட்டம் அவனுக்குப் பொருந்தாதாம். 'ஆர்வமின்மை' என்ற கட்டத்தில் போடச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் போட்டான்.

பதினாலாம் வண்டிக்கு ராய்ஸ் லீச் வந்தார். அறுபத்தெட்டு வயது, மான் வேட்டைக்காரர், நல்ல மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை என் சாமான்களை எடுத்துவரக் கொட்டகைக்குப் போனேன். மூன்று மணி இருக்கும். ராய்ஸ் வண்டிப் படியில் உட்கார்ந்து மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். காலர் வரைக்கும் கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது.

"ராய்ஸ் அண்ணே, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"பர்கர்தான். ஏன்?"

"எத்தனை மணிக்கு?"

அவர் சொறிவதை நிறுத்திவிட்டு, சட்டைக் கையை இழுத்து மூடினார்.

"கோடைக்காலத்துலேர்ந்து இருக்கு ஒலீட்டா. போனா போகட்டும். எனக்கும் கண்ணு இருக்கு. வாயைத் திறந்து கேட்டவன் கதிய நான்தான் பார்த்தேனே."

"இறங்குங்க. இன்னிக்கு மட்டும் வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க."

"வேலைக்குச் சேர்றப்ப டாக்டர் பார்த்து, நான் நல்லா இருக்கேன்னு குடுத்த பேப்பர் எங்கிட்ட இருக்கும்மா. உங்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து ஏறிக் கதவை மூடிக்கொண்டார். டீகுக்கு போன் செய்தேன். ராய்ஸை மையத்துக்கு அனுப்பப் பரிந்துரைப்பதாகவும், நாள் கிடைக்க நாலைந்து மாதம் ஆகலாம் என்றும், ராய்ஸே வந்து எதுவும் சொல்லாததால் அதுவரை அவர் ஓட்டட்டும் என்றும் சொன்னார்.

வெர்லினை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு விரட்டினேன். பஸ் அப்போதுதான் வெளியே வந்தது. பின்கண்ணாடியில் பிள்ளைகள் அவனை அடையாளம் கண்டு கையாட்டினார்கள். நானும் விடாமல் பின்னாலேயே ஓட்டினேன். பாலம் நெருங்கும்போது வெர்லின் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நாம பின்னாடி போயி என்ன பண்ணப்போறோம்?"

பஸ் பாலத்தில் ஏறியது. நானும் ஏறினேன்.